கிசாலோ மலைக்குச் சென்ற தீபம்

1948-ஆம் ஆண்டில், ரோமாபுரியில், பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் ஒரு தீபத்தை ஆசீர்வதித்து அளித்தார். அத்தீபம் ரயிலில் செல்லவில்லை. மோட்டார் வண்டியிலும் செல்லவில்லை. மிதிவண்டி வீரர்கள் அதை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றி ஏந்திச் சென்றனர். 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து, வட இத்தாலியில் கிசாலோ என்னும் மலைக்கணவாயின் உச்சியில் நிற்கும் ஒரு சிற்றாலயத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். அன்று அங்கு ஏற்றப்பட்ட விளக்கு, மிதிவண்டிப் பயணத்தில் உயிர்நீத்தவர்களின் நினைவாக எரிந்து வருகிறது.

செய்தியாகச் சொன்னால் இது சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் மாணவ நண்பர்களே, அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு, அந்தத் தீபத்தைக் கடைசிக் கட்டத்தில் ஏந்தி வந்தவர் யாவர், அவ்விருவரும் அதற்குச் சில வாரங்களுக்கு முன் எந்நிலையில் இருந்தனர் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாட்டின் துயரமும் பிளவும் அந்தச் சிறு சுடருக்குப் பின்னே வருவதைக் காண்பீர்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென் அடிவாரத்தில் கோமோ என்னும் ஏரி இருக்கிறது. அது தெற்கு நோக்கி வருகையில் கவட்டைக் கோல்போல் இரு கிளையாகப் பிரிகிறது. அவ்விரு கிளைகளுக்கும் நடுவே எழுந்து நிற்கும் மலைநிலத்தில், மக்ரேலியோ என்னும் சிற்றூரை ஒட்டி, கடல் மட்டத்திற்கு மேல் 754 மீட்டர் உயரத்தில் கிசாலோக் கணவாய் இருக்கிறது. ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோவிலிருந்து அங்கே செல்லும் பாதை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுடையது. அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் 500 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். பாதையின் சில பகுதிகளில் நூறு அடி முன்னே செல்வதற்குப் பதினான்கு அடி மேலே ஏறவேண்டும். வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பது அங்கே இழிவாகக் கருதப்படுவதில்லை.

இடைக்காலத்தில் கிசாலோ என்ற பிரபு ஒருவர் இவ்வழியே சென்றபோது கள்வர் அவரைச் சூழ்ந்துகொண்டனர் என்றும், வழியோரத்தில் இருந்த தேவமாதாவின் திருவுருவை நோக்கி அவர் ஓடி அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினார் என்றும் செவிவழிக் கதை வழங்குகிறது. அது முதல் அந்தத் தேவமாதா வழிப்போக்கர்களின் காவலியாக மதிக்கப்பட்டாள். இன்று நிற்கும் ஆலயம் 17-ஆம் நூற்றாண்டினது, மிகச் சிறியது, நாற்பது ஐம்பது பேர் நின்றால் நிறைந்துவிடும் எனத் தோன்றும். பிரபுவின் கதை நடந்ததோ இல்லையோ, அக்கதை உண்டாக்கிய வழக்கம் மெய். மலையேறி வந்தவர் அவ்விடத்தில் நின்று இளைப்பாறி, ஒரு சொல் வேண்டிக்கொண்டு, பிறகு இறங்கிச் சென்றனர். நடந்து வந்தோர் நின்ற அதே இடத்தில், கோவேறு கழுதையில் வந்தோர் நின்றனர். பின்னாளில் மிதிவண்டியில் வந்தோரும் நின்றனர்.

மிதிவண்டிக்கும் திருச்சபைக்கும் தொடக்கத்தில் நல்லுறவு இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய மேற்றிராணிமார் சிலர், தம் ஆட்சிக்குட்பட்ட குருமார் மிதிவண்டி ஏறுவதைத் தடைசெய்தனர். நீண்ட அங்கியைச் சுருட்டிக்கொண்டு இரு சக்கரத்தின்மேல் விரைவது குருத்துவத்தின் மாண்புக்கு ஏற்றதன்று என்பது அவர்கள் எண்ணம். அந்தத் தடை நெடுநாள் நிலைக்கவில்லை. ஐந்து சிற்றூர்களுக்கு ஒரே குரு என்ற நிலையில், நோயாளிக்கு அவஸ்தைப்பூசுதல் அளிக்க இரவில் விரைய வேண்டியவருக்கு மாண்பைக் காட்டிலும் சக்கரம் பெரிதாயிற்று.

மக்களுக்கோ அது மாண்பின் பொருளே அன்று, பிழைப்பின் பொருள். மிலான் நகரில் 1885-ஆம் ஆண்டில் எதுவார்தோ பியாங்கி மிதிவண்டித் தொழிலைத் தொடங்கினார். தொடக்கத்தில் செல்வர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த வண்டி, விலை இறங்க இறங்க, ஆலைத் தொழிலாளியிடமும் கொத்தனிடமும் வந்து சேர்ந்தது. 1905-இல் லம்பார்டிச் சுற்றுப்பந்தயமும், 1909-இல் இத்தாலி முழுவதையும் சுற்றிவரும் ஜீரோ பந்தயமும் தொடங்கின. 1919 முதல் லம்பார்டிப் பந்தயம் கிசாலோ மலையேற்றத்தைத் தன் பாதையில் சேர்த்துக்கொண்டது. அன்று முதல், ஆண்டுதோறும் பந்தய வீரர்கள் அந்தச் சிற்றாலயத்தின் வாயிலைக் கடந்து சென்றனர். வீரர்கள் நெருங்கும்போது ஆலயமணி ஒலிப்பதும் வழக்கமாயிற்று.

பிறகு போர் வந்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும், நாட்டின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் ஜெர்மானியப் படை கைப்பற்றிக்கொண்டது. எதிர்ப்பு இயக்கத்தினரின் செய்திகளையும் துண்டறிக்கைகளையும் ஆயுதங்களையும் சுமந்து சென்ற இளம்பெண்கள் பலர் மிதிவண்டியிலேயே சென்றனர். இத்தாலிய மொழியில் அவர்களுக்கு ‘ஸ்தாபெத்தா’ என்று பெயர். கைமாற்றிக் கொண்டு செல்லும் ஓட்டத்திற்கும் அதே சொல்தான். ரோமாபுரியிலிருந்து தீபம் சென்ற முறையையும் அச்சொல்லாலேயே குறித்தனர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிடிபட்டால் மரணம் என்ற அச்சத்தோடு ஓடிய அதே சொல், இப்போது வெளிச்சத்தில் ஓடிற்று. இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். மொழி சில வேளைகளில் தானே நினைவு வைத்துக்கொள்கிறது.

1948-ஆம் ஆண்டு இத்தாலியருக்கு எளிதான ஆண்டன்று. போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏப்ரல் 18-ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில், தெ காஸ்பெரி தலைமையிலான கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சியும், கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்த மக்கள் முன்னணியும் மோதின. கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சி வென்றது. ஆனால் தோற்றவர்களின் மனக்கசப்பு தணியவில்லை. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு மக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றனர். அதே ஆண்டில் வித்தோரியோ தெ சீக்கா எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்த ஓர் ஏழை, அந்த வேலைக்கு மிதிவண்டி கட்டாயம் என்பதால், வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, முன்பு அடகு வைத்த வண்டியை மீட்கிறான். முதல் நாளே அது களவு போகிறது. ஒரு மிதிவண்டியைத் தொலைத்தவன் தன் வாழ்வையே தொலைத்தவனாக நிற்பதை உலகம் அப்படத்தில் கண்டது. அந்நாளைய இத்தாலியில் மிதிவண்டி என்ன பொருள் தந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அந்த மக்கள் இரண்டு வீரர்களின் பெயரால் மேலும் இரு கட்சியாகப் பிரிந்திருந்தனர். ஒருவர் ஜீனோ பார்த்தலி, பிளாரன்ஸ் நகரை அடுத்த பொந்தே ஆ ஏமாவில் 1914-இல் பிறந்தவர், ஆழ்ந்த பக்தர், கார்மேல் சபையின் மூன்றாம் சபையில் சேர்ந்தவர், 1938-இல் பிரான்சு நாட்டுச் சுற்றுப்பந்தயத்தை வென்றவர். மற்றவர் பௌஸ்தோ கோப்பி. பியத்மோந்துப் பகுதியின் கஸ்தெல்லானியாச் சிற்றூரில் 1919-இல் பிறந்தவர். உணவையும் பயிற்சியையும் அளந்து அமைத்துக்கொண்ட புதுமைப் போக்கினர். 1940-இல் பார்த்தலியின் குழுவில் அவருக்குத் துணையாக வந்த இருபது வயது இளைஞரான கோப்பியே இத்தாலிச் சுற்றுப்பந்தயத்தை வென்றுவிட்டார். போட்டி அன்று தொடங்கிற்று. 1942-இல் கோப்பி ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். பிறகு படைவீரராக வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். இருவருக்கும் இளமையின் சிறந்த ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டது.

பார்த்தலி அந்தப் போர் ஆண்டுகளில் என்ன செய்தார் என்பது பற்றி வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. பிளாரன்ஸ் பேராயர் எலியா தல்லா கொஸ்தா யூதர்களைக் காப்பாற்ற அமைத்திருந்த மறைமுக ஏற்பாட்டில் அவர் பங்கு பெற்றார். போலி அடையாளச் சீட்டுகளை மிதிவண்டிச் சட்டத்தின் குழாய்க்குள் ஒளித்து, பயிற்சிக்குச் செல்வதுபோல் அசிசி வரை ஓட்டிச் சென்றார் என்பர். அவர் தம் வாழ்நாளில் அதைப் பற்றி ஏறக்குறைய வாய் திறக்கவில்லை. அவர் இறந்து பல்லாண்டுக்குப் பின், 2013-இல், ஜெருசலேமிலுள்ள யாத் வஷேம் நினைவகம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது. அண்மைக்காலத்தில் ஆய்வாளர் சிலர், அசிசிப் பயணங்கள் பற்றிய சான்றுகள் போதியனவா என்று ஐயம் எழுப்பியுள்ளனர். வரலாறு கற்கும் மாணவர்கள் இரண்டையும் அறிந்திருத்தல் நலம். போற்றத்தக்க ஒருவரைப் பற்றியதாயினும், சான்றைக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது.

இதைப் போன்றதே 1948 ஜூலைக் கதையும். அம்மாதம் 14-ஆம் நாள், கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் பல்மீரோ தொலியாத்தியை ரோமாபுரியில் பாராளுமன்றக் கட்டடத்தருகே ஒரு மாணவன் சுட்டான். நாடெங்கும் வேலைநிறுத்தம் மூண்டது. மோதல்களில் உயிர்கள் மாண்டன. அன்று பார்த்தலி பிரான்சுச் சுற்றுப்பந்தயத்தில் இருந்தார். முதலிடத்திலிருந்தவரைவிட 21 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். மறுநாள் இசுவார்க் கணவாயைத் தாண்டி அவர் வென்றார்; அடுத்த நாளும் வென்று முதலிடத்தைப் பிடித்தார்; முதல் வெற்றிக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின், முப்பத்து நான்காம் வயதில், பந்தயத்தையே வென்றார். ‘பார்த்தலியின் வெற்றிதான் இத்தாலியை உள்நாட்டுப் போரிலிருந்து காத்தது’ என்று இன்றும் பலர் கூறுவர். அது மிகைக்கூற்று. படுக்கையில் கிடந்த தொலியாத்தியே தம் கட்சியினரை அமைதி காக்கச் சொன்னார். வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்கமே 16-ஆம் நாள் கைவிட்டது. ஆயினும் வெறுப்பால் வாடிய மக்களுக்கு மகிழ்வதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்ற அளவில் அக்கூற்றில் உண்மை உண்டு.

ஆகஸ்டில் மகிழ்ச்சி கசந்தது. ஹாலந்து நாட்டின் வால்கன்பர்க்கில் நடந்த உலகப் பந்தயத்தில் பார்த்தலியும் கோப்பியும் இத்தாலியின் சார்பில் ஒரே அணியில் ஓடினர். ஓடினர் என்று சொல்வதே தவறு. ஒருவரை ஒருவர் காவல் காத்தனர். தாம் வெல்லாவிடினும் மற்றவர் வெல்லக்கூடாது என்பதே இருவரின் கருத்துமாக இருந்தது. முன்னே சென்றவர்களைத் துரத்த இருவரும் மறுத்தனர். முடிவில் இருவரும் பந்தயத்திலிருந்தே விலகிக்கொண்டனர். கூடியிருந்த இத்தாலியர் தலைகுனிந்தனர். இத்தாலிய மிதிவண்டிச் சங்கம் இருவரையும் தற்காலிகமாக விலக்கி வைத்தது.

இந்நிலையில்தான் மக்ரேலியோவின் பங்குக் குருவானவர் எர்மெலிந்தோ விகானோவின் விருப்பம் நிறைவேறத் தொடங்கிற்று. கிசாலோவின் தேவமாதா மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலி ஆகவேண்டும் என்பது அவர் கருத்து. தம் ஆலய வாயிலில் மூச்சுவாங்க நிற்பவர்களை நாள்தோறும் கண்டவருக்கு இது தோன்றியதில் வியப்பில்லை. பேரரசரும் பேராயரும் எண்ணிச் செய்ததன்று இது. சில நூறு குடிகளைக் கொண்ட மலைப்பங்கின் குரு எண்ணியது. ரோமாபுரியில் ஆசீர்வதிக்கப்பட்ட தீபத்தை மிதிவண்டியிலேயே கொண்டுவருவது என முடிவாயிற்று.

கடைசிக் கட்டத்தில் அதை ஏந்தியவர் பார்த்தலியும் கோப்பியும். வால்கன்பர்க்கில் ஒருவருக்காக ஒருவர் ஒரு முழம் முன்னே செல்ல மறுத்த அதே இருவர்தான். அந்தச் சில கிலோமீட்டர்களில் அவர்கள் ஒன்றாக ஏறியதை, மனம் மாறிவிட்டனர் என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டு கடும் போட்டியாளராகவே இருந்தனர். ஆனால் ஓர் எல்லை வகுக்கப்பட்டது என்று சொல்லலாம். மறு ஆண்டு, 1949 ஜூலை 18 அன்று, பிரான்சுச் சுற்றுப்பந்தயத்தில் அதே இசுவார்க் கணவாயை இருவரும் சேர்ந்தே தாண்டினர். அன்று பார்த்தலிக்கு முப்பத்தைந்தாம் பிறந்தநாள். அன்றைய வெற்றியை அவருக்கு விட்டுக்கொடுத்தார் கோப்பி. முழுப் பந்தயத்தையும் தாம் வென்றார். 1952-இல் மலைப்பாதையில் இருவரும் ஒரு தண்ணீர்ப்புட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் நிழற்படம் இத்தாலியில் அறியாதார் இல்லை. யார் யாருக்குக் கொடுத்தார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்தப் புட்டிக்கு முன்பே இருவருக்குமிடையே ஒரு தீபம் கைமாறியதை நினைப்பவர் சிலரே.

திருச்சபையின் நோக்கத்தில் அரசியல் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. 1947 செப்டம்பரிலேயே பாப்பரசர், கத்தோலிக்க ஆடவர் பெருங்கூட்டத்தில் பார்த்தலியின் பெயரை எடுத்துக்காட்டாகக் கூறியிருந்தார். தொழிலாளியின் உள்ளத்தைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து மீட்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாளில் வெளிப்படை. தொழிலாளியின் வாகனமோ மிதிவண்டி. 1949 ஜூலையில் திருச்சபை, கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்புவோரைச் சபைக்குப் புறம்பாக்கும் கடுமையான ஆணையைப் பிறப்பித்தது. அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று பாப்பரசர் கிசாலோத் தேவமாதாவை மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். மூன்று மாத இடைவெளியில் வெளிவந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று கதவை அடைக்கிறது. மற்றொன்று எந்தக் கட்சியினன் என்று கேளாமல் வண்டி ஓட்டும் எவனையும் உள்ளே அழைக்கிறது. திருச்சபைத் தலைமை எதை எண்ணிச் செய்திருந்தாலும், மலையேறி வந்தவர்கள் இரண்டாவதையே எடுத்துக்கொண்டனர். செங்கொடிக் கட்சிக்கு வாக்களித்தவனும் மலையுச்சியில் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று தண்ணென்ற நிழலில் நின்றான் என்று நம்புவதில் தவறில்லை.

அன்று முதல் கிசாலோ, யாத்திரைத் தலமும் நினைவிடமுமாக ஆயிற்று. பல நாடுகளிலிருந்தும் தேவாலயப் பங்கினரும் மிதிவண்டிச் சங்கத்தினரும் கூட்டங்கூட்டமாக அம்மலையேறி வந்தனர். கோப்பி, பார்த்தலி, பெல்ஜிய நாட்டு எட்டி மெர்க்ஸ் முதலானோர் ஓட்டிய வண்டிகள் ஆலயச் சுவர்களில் காணிக்கையாக மாட்டப்பட்டன. பந்தயச் சட்டைகள் கண்ணாடிக்குள் வரிசையாகத் தொங்கின. மெழுகுவர்த்திகளுக்கும் சுரூபத்துக்கும் நடுவே சக்கரங்களும் சங்கிலிகளும் இருப்பது முதலில் வருபவரின் கண்ணுக்கு விந்தையாகப் படும். வெளியே வெண்கலச் சிலை ஒன்று உண்டு: வென்று கையுயர்த்தும் ஒரு வீரனும் விழுந்து கிடக்கும் ஒரு வீரனும். காணிக்கைகள் ஆலயத்தில் அடங்காமற் போகவே, பழைய வீரர் பியோரென்சோ மாஞ்ஞியின் முயற்சியால் 2006-இல் பக்கத்தில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது.

தீபத்தை ஏந்தி வந்த இருவரையும் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பார்த்தலிக்கு ஜூலியோ என்றொரு தம்பி இருந்தான். 1936-இல் பந்தயமொன்றில் விபத்துற்று இறந்தான். அந்தத் துயரத்தில் பார்த்தலி பந்தயத்தையே விட்டுவிட எண்ணினார். எனவே 1948-இல் இறந்தோர் நினைவாக ஏற்றப்படும் தீபத்தை ஏந்தியபோது அவர் யாருக்காக ஏந்துகிறார் என்பது அவருக்குத் தெரியும். கோப்பிக்கு அப்போது அந்தத் துயரம் வரவில்லை. அவர் தம்பி செர்சேயும் பந்தய வீரர். அண்ணனின் குழுவிலேயே ஓடியவர். 1951 ஜூனில் பியத்மோந்துப் பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டு அன்றே இறந்தார். தாம் ஏந்தி வந்த விளக்கின் கீழ் தம் தம்பியின் பெயரும் சேரும் என்று கோப்பி மூன்று ஆண்டுகளுக்கு முன் எண்ணியிருக்க முடியாது. கோப்பி 1960 ஜனவரி 2 அன்று, ஆப்பிரிக்கப் பயணத்தில் பற்றிய மலேரியாக் காய்ச்சலை மருத்துவர்கள் கண்டறியாமையால், நாற்பது வயதில் இறந்தார். பார்த்தலி 2000-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

ஆலயத்தில் மாட்டியுள்ள வண்டிகளுள் ஒன்று மட்டும் நசுங்கியிருக்கிறது. அது பாபியோ கசார்தெல்லி என்னும் இளைஞருடையது. அவர் கோமோ வட்டாரத்தவர்; கிசாலோ மலை அவருக்குச் சொந்த மலைபோன்றது. 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றார். 1995 ஜூலை 18 அன்று பிரான்சுச் சுற்றுப்பந்தயத்தில், பிரெனீஸ் மலையிறக்கம் ஒன்றில், பலர் ஒருங்கே விழுந்தபோது அவர் தலை சாலையோரக் கல்லில் மோதிற்று. வயது இருபத்து நான்கு. தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை, அந்நாளில் அது கட்டாயமில்லை. மறுநாள் வீரர்கள் எவரும் போட்டியிடாமல் மெல்ல ஓட்டினர். அவருடைய குழுவினர் எல்லைக்கோட்டை முதலில் கடக்கும்படி மற்றவர் பின்தங்கி வழிவிட்டனர். பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாவதற்கு அதன்பின் எட்டு ஆண்டுகள் சென்றன. 2003-இல் வேறொரு வீரரும் விழுந்து இறந்த பிறகே அவ்விதி வந்தது. கசார்தெல்லியின் வண்டி செப்பனிடப்படாமல், அன்று இருந்த நிலையிலேயே, அந்தச் சிற்றாலயத்தின் சுவரில் இருக்கிறது.